பயத்தின் நாளில் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகள் பெரும்பாலும் சபை நடுவே எழுந்து நின்று கேட்கப்படுபவை அல்ல. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின்போ, மருத்துவமனைப் படுக்கையின் அருகிலோ, யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில், இதைக் கேட்பதே தவறோ என்ற தயக்கத்தோடு கேட்பவை. அந்தத் தயக்கம் தேவையற்றது என்பதால், பதில்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

பயப்படுவது பாவமா? உண்மையான விசுவாசிக்குப் பயம் வரலாமா?

வரலாம், வரும். ஆபத்தை உணர்ந்தவுடன் நெஞ்சு படபடப்பதும், கை நடுங்குவதும், உறக்கம் கலைவதும் நம்மைக் காப்பதற்காகச் சரீரத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் ஏற்பாடுகள். அவற்றைக் கொண்டு ஒருவருடைய விசுவாசத்தை அளப்பது, காய்ச்சலைக் கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்தை அளப்பதற்குச் சமம்.

கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் நிருபம் சொல்வதும் அவரைப் பற்றித்தான். எனவே திகில் என்பதே பாவமாக இருக்க முடியாது. அந்த இரவில் அவர் தம் திகிலை மறைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று மூன்று சீஷரிடம் சொன்னார், வரவிருந்த பாடுகளாகிய பாத்திரம் நீங்க வேண்டும் என்று பிதாவிடம் கேட்டார். பவுலும் மக்கெதோனியாவில் தாம் இருந்த நிலையை, "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று ஒளிக்காமல் கொரிந்தியருக்கு எழுதினார்.

56ஆம் சங்கீதத்தில், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று தாவீது பாடுகிறான். பெலிஸ்தர் அவனைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று அதன் தலைப்பு கூறுகிறது. அதே காத்தில், அரசனுக்கு மிகவும் பயந்து, தாடியில் எச்சில் வழியவிட்டுப் பைத்தியக்காரனைப்போல் நடித்து அவன் தப்பியதை முதலாம் சாமுவேல் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. கோலியாத்தை வீழ்த்திய அதே மனிதன்தான். பயம் நீங்கிய பின் நம்புவேன் என்று அவன் பாடவில்லை. பயப்படுகிற அந்த நாளிலேயே நம்புவேன் என்றான். பயத்தோடு எவரிடம் ஓடுகிறோம் என்பதில்தான் விசுவாசம் தெரிகிறது. பயம் தீர்ந்த பிறகு ஓட வேண்டிய அவசியமே இல்லையே.

"பயப்படாதே" என்ற சொல் வேதாகமத்தில் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்கிறார்களே?

கேட்க இனிமையாக இருந்தாலும் அது சரியான கணக்கு அல்ல. மொழிபெயர்ப்பைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். எண்ணிப் பார்த்தவர்களுக்கு 365 கிடைப்பதில்லை. இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்பது மட்டும் உண்மை. ஆபிரகாம், யோசுவா, மரியாள், மேய்ப்பர்கள் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர்களிடமும், பயப்படக் காரணம் இருந்தவர்களிடமும்தான் அது சொல்லப்பட்டது. அழும் குழந்தையைத் தூக்கி "அழாதே" என்னும் தாயின் குரல் அது. அதைக் குற்றச்சாட்டாகக் கேட்கப் பழகியது நம்முடைய பிழை.

அப்படியானால் "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டாம் தீமோத்தேயு 1:7இல் "பயம்" என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில், மூலமாகிய கிரேக்கத்தில் இருப்பது பயத்தைக் குறிக்கும் வழக்கமான சொல் அன்று. கடமையிலிருந்து பின்வாங்கச் செய்யும் கோழைத்தனத்தைக் குறிக்கும் சொல். சிறையில் இருந்த பவுல், தம்மைக் குறித்து வெட்கப்படாமல் தொடர்ந்து ஊழியம் செய்யும்படி இளைய ஊழியனுக்கு எழுதிய கடிதம் அது. நடுங்கிக்கொண்டே கடமையைச் செய்கிறவரை இந்த வசனம் குற்றப்படுத்தவில்லை.

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்னும் யோவானின் வார்த்தையும் இவ்வாறே இடம் மாற்றிப் பயன்படுத்தப்படுகிறது. அதற்கு முந்தைய வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. தேவன் நம்மைத் தண்டிக்கக் காத்திருக்கிறார் என்ற பயத்தைத்தான் அன்பு வெளியே தள்ளுகிறது. மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருடைய படபடப்பைப் பற்றி யோவான் அங்கே பேசவில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. வருகிற வார்த்தைகளோ தேவன்மேல் கோபமாக இருக்கின்றன. என்ன செய்வது?

அந்தக் கோபத்தையே சொல்லலாம். இதற்கு முன்மாதிரி வேதாகமத்திலேயே ஏராளமாக உண்டு. சங்கீதங்கள் 150, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலாகவும் முறையீடாகவும் இருக்கின்றன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று இயேசு சிலுவையில் கதறினார். இவற்றைத் தொகுத்தவர்கள் மரியாதைக் குறைவானவை என்று விலக்கிவிடவில்லை. ஆராதனையில் பாடுவதற்காகவே காத்து வைத்தார்கள். நம் ஆராதனைகளில் துதிச் சங்கீதங்களுக்குக் கிடைக்கும் இடம் இவற்றுக்குக் கிடைக்காமல் போனதால்தான், துக்கத்தோடு வருகிற ஒருவர் தமக்கு அங்கே மொழியே இல்லை என்று உணர்கிறார் என்பது என் எண்ணம்.

புலம்பலுக்கும் அவிசுவாசத்துக்கும் உள்ள வேறுபாடு, யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது. தேவன் என்னை மறந்துவிட்டார் என்று பிறரிடம் சொல்லி விலகிப் போகலாம். ஏன் மறந்தீர் என்று அவரிடமே போய்க் கேட்கலாம். இரண்டாவது, உறவு முறியாதவர் பேசும் பேச்சு.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. எதற்காக வேண்டிக்கொள்வது என்று நாம் அறியாதிருக்கும்போது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. ஆகவே பேசாமல் உட்கார்ந்திருப்பதும் ஜெபமாகும். ஒரு சங்கீதத்தை எடுத்து வாய்விட்டு மெதுவாக வாசித்தால், பிறருடைய வார்த்தைகள் சில நாட்களுக்கு நம்மைத் தாங்கும். அதுவும் இயலாவிட்டால், பிசாசு பிடித்த மகனுக்காக வந்த தகப்பன் சொன்ன ஒரே வரி போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்த அரைகுறை விசுவாசத்தைக் கேட்ட பின்னும் இயேசு அந்த மகனைக் குணமாக்கினார்.

மாதக்கணக்கில் ஜெபித்தும் நிலைமை மாறவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?

துன்பப்படுகிறவரிடம் இப்படிச் சொல்வது, நோயின்மேல் குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமத்துவதாகும். வேதாகமம் இந்தச் சூத்திரத்தை ஏற்கவில்லை. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார், முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பதே கிடைத்த பதில். பாத்திரம் நீங்கும்படி இயேசு கேட்டார், அது நீங்கவில்லை. இவர்களிடம் விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம் இன்னும் கடினமானது. ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவைச் சிறையில் வைத்தான். பேதுருவைத் தூதன் விடுவித்தான். யாக்கோபு ஏன் விடுவிக்கப்படவில்லை என்பதற்கு லூக்கா ஒரு வார்த்தைகூட விளக்கம் தரவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்திலும், பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களும் அடுத்தடுத்து வருகிறார்கள். இரு சாராரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

அரசன் நேபுகாத்நேச்சாரின் சிலையை வணங்க மறுத்ததால் அக்கினிச்சூளையின் முன் நிறுத்தப்பட்ட மூவரும், தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, "விடுவிக்காமற்போனாலும்" சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். விடுதலைக்காகத் துணிந்து கேட்பதும், விடுதலையை ஒரு நிபந்தனையாக வைக்காதிருப்பதும் ஒரே வாயில் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஏன் எனக்கு மட்டும் என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். யோபுவுக்கும் அந்தப் பதில் தரப்படவில்லை.

இது நான் செய்த பாவத்துக்கான தண்டனையா?

தவறான செயல்களுக்கு விளைவுகள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்கு நேர்ந்த துன்பத்திலிருந்து பின்னோக்கிச் சென்று அவர் செய்த பாவத்தைக் கண்டுபிடிக்க முயல்வதை இயேசு இரண்டு முறை தடுத்திருக்கிறார். பிறவிக்குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்டபோது, அவன் பாவமும் அல்ல, பெற்றோரின் பாவமும் அல்ல என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அல்லவென்று சொல்கிறேன் என்றார். யோபுவைக் குற்றவாளியாக்கிய நண்பர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று முடிவில் தேவனே அவர்களைக் கடிந்துகொண்டார். அறிக்கையிட வேண்டியது ஏதேனும் இருந்தால் அறிக்கையிடுங்கள், மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குமேல் பழைய நாட்களைக் கிளறிக் காரணம் தேட வேண்டாம்.

மருத்துவரிடம் போவதும், முன்னேற்பாடு செய்துகொள்வதும் விசுவாசக் குறைவைக் காட்டுமா?

இல்லை. பவுல் ரோமாபுரிக்குச் சென்ற கப்பல் பயணத்தை அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் ஒருமுறை முழுதாக வாசித்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடும். கப்பலில் 276 பேர். பல நாட்களாகச் சூரியனும் நட்சத்திரமும் தெரியாத புயல். ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று தூதன் மூலம் பவுலுக்கு உறுதி கிடைத்தது; அதை எல்லாருக்கும் அறிவித்தார். ஆயினும் கப்பலாட்கள் படகை இறக்கி ஓடிப்போகப் பார்த்தபோது, தேவன் பார்த்துக்கொள்வார் என்று அவர் சும்மா இருக்கவில்லை. "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தார். 14 நாட்களாகப் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி, தாமே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் செய்து புசிக்கத் தொடங்கினார். முடிவில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பற்றிக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். தேவன் கொடுத்த வாக்குறுதி உடைந்த பலகைகளின் வழியாகவே நிறைவேறியது.

நெகேமியாவும் பகைவரின் மிரட்டலுக்கு நடுவே தேவனை நோக்கி ஜெபம் செய்து, இரவும் பகலும் காவலரையும் நிறுத்தினான். பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

சபை வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1527ஆம் ஆண்டில் உண்டு. விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டுப் போகாமல் தங்கி நோயாளிகளைக் கவனித்தார். கொடிய நோய்க்குத் தப்பி ஓடலாமா என்று கேட்ட போதகர்களுக்கு அவர் எழுதிய பதில் கடிதம் இன்றும் படிக்கத்தக்கது. கடமையால் கட்டப்பட்டவர்கள் விட்டுப்போகக் கூடாது, மற்றவர்கள் விலகிப் போவது பாவம் அல்ல என்றார். மருந்தைப் பயன்படுத்துங்கள், வீட்டைப் புகையிட்டுத் தூய்மையாக்குங்கள், உங்கள் உதவி தேவைப்படாத இடங்களைத் தவிருங்கள் என்றும் அறிவுரை கூறினார். மருந்தை மறுத்துத் துணிச்சல் காட்டுவதை அவர் தேவனைச் சோதிப்பதாகவே கருதினார். அந்த ஆண்டில் லூத்தர் தாமே கடும் நோயாலும் மனச்சோர்வாலும் அவதிப்பட்டார் என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது.

தொடர்ந்த மனச்சோர்வும் பதற்றமும் ஆவிக்குரிய பலவீனமா? மனநல மருத்துவரிடம் போகலாமா?

போகலாம், வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் போய், அன்றாட வேலையும் செய்ய இயலாத நிலை இருந்தால் போகவே வேண்டும். சாகத் தோன்றுகிறது என்றால் ஒரு நாளும் காத்திருக்காமல், உடனே அருகில் இருப்பவரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

கர்மேல் மலையில் வெற்றி கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் ஒரே மிரட்டலில் ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அவன் தூங்கினான், தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மீண்டும் தூங்கினான், மீண்டும் உணவு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது மட்டுமே அவனுக்குச் சொல்லப்பட்டது. தேவன் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது 40 நாட்களுக்குப் பிறகு, ஓரேப் மலையில்.

லண்டனில் பிரபல பிரசங்கியாராக இருந்த சார்லஸ் ஸ்பர்ஜன், 1856 அக்டோபர் 19 அன்று தம் கூட்டத்தில் யாரோ "நெருப்பு" என்று கூச்சலிட்டதால் ஏற்பட்ட நெரிசலில் 7 பேர் இறந்ததைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. அந்த அதிர்ச்சியின் வடு அவரைவிட்டு நீங்கவில்லை. வாழ்நாள் முழுதும் மனச்சோர்வோடு போராடினார், அதைப் பிரசங்கத்திலும் மறைக்கவில்லை. அவரைப் பலவீன விசுவாசி என்று யாரும் அழைப்பதில்லை.

வீட்டில் அடியும் கொடுமையும் அனுபவிக்கிறேன். இதுதான் நான் சுமக்க வேண்டிய சிலுவை என்கிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். சிலுவை என்பது கிறிஸ்துவைப் பின்பற்றுவதால் நாம் ஏற்கும் விலை. மற்றொருவருடைய வன்முறைக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. சவுலின் ஈட்டிக்குத் தாவீது விலகி ஓடினான். பவுலைக் கூடையில் வைத்து தமஸ்கு மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். கல்லெறிய வந்தவர்களிடமிருந்து இயேசுவே மறைந்து கடந்துபோனார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சீஷருக்குச் சொன்னவரும் அவரே. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பத்தக்கவரிடமும் சட்ட உதவி தருவோரிடமும் சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு நடக்கட்டும்; மன்னிப்பதற்காக அடி விழும் இடத்திலேயே இருக்க வேண்டியதில்லை.

தேவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே எனக்கு இல்லாமல் போய்விட்டது.

உணர்வு போனதால் அவர் போய்விட்டார் என்று ஆகிவிடாது. 88ஆம் சங்கீதத்தில் ஆறுதலான முடிவே கிடையாது. தோழர் விலகிப் போனதைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைத்துத்தான் அது தொடங்குகிறது. அன்னை தெரசா 1997இல் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் வெளியான அவருடைய கடிதங்கள், ஏறத்தாழ 50 ஆண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே அவர் ஜெபித்து வந்ததைக் காட்டின. பலர் அதைப் படித்து அதிர்ந்தார்கள். எனக்கோ, உணர்வு இல்லாமலும் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

வெளியே தைரியமாகப் பேசுகிறேன், உள்ளே நடுங்குகிறேன். நான் மாய்மாலக்காரனா?

நாசி ஆட்சியின் சிறையிலிருந்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1944இல் எழுதிய ஒரு கவிதையில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டார்: காவலர்கள் காணும் அமைதியான மனிதன் நானா, கூண்டுப் பறவையைப்போல் தவிக்கும் மனிதன் நானா? இரண்டில் எது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை; யாராயினும் தேவன் தம்மை அறிவார், தாம் அவருக்கு உரியவர் என்று முடித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். பிள்ளைகளுக்கு முன் கலங்காமல் இருக்க முயல்வது மாய்மாலம் ஆகாது. ஆனால் நடுக்கத்தை அறிந்த ஒருவராவது உங்களுக்கு இருக்க வேண்டும். கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரை அழைத்துக்கொண்டு போனார்.

இரவில் விழித்துக்கொண்டால் பயம் பெருகுகிறது. நடைமுறையில் என்ன செய்யலாம்?

"உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று பேதுரு எழுதும்போது பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு எறிதல் என்று பொருள்; கழுதைக்குட்டியின்மேல் சீஷர்கள் வஸ்திரங்களைப் போட்டதைச் சொல்ல லூக்காவும் அதையே பயன்படுத்துகிறார். எறிந்தது திரும்ப வந்தால் மீண்டும் எறியுங்கள்; நேற்றே ஒப்புக்கொடுத்துவிட்டேனே என்று வெட்கப்பட வேண்டாம். பயத்துக்குப் பெயர் வைத்து ஒரே வாக்கியத்தில் தேவனிடம் சொல்லுங்கள்; "எல்லாம் பயமாக இருக்கிறது" என்பதைவிட "இம்மாத வாடகைக்குப் பணம் இல்லை என்று பயமாக இருக்கிறது" என்பது தாங்கக்கூடியது. நாளை நீங்கள் செய்யக்கூடியதைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, மூச்சோடு சேர்த்து ஒரு குறுகிய வசனத்தைச் சொல்லிக்கொண்டிருங்கள். உறக்கம் வந்தால் பாதி ஜெபத்தில் தூங்கிவிடலாம்.

சபைக்குப் போகவே மனம் வரவில்லை. பாடல்களில் என்னால் சேர முடியவில்லை.

பாடாமல் உட்கார்ந்திருங்கள், மற்றவர்கள் உங்களுக்காகப் பாடட்டும். திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் எதையும் சொன்னதாக அங்கே இல்லை.

துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம் நான் என்ன சொல்வது?

குறைவாகச் சொல்லுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். ரோமர் 8:28 அவரே தம் வாயால் சொல்ல வேண்டிய வசனம், அதற்கு ஆண்டுகள் ஆகலாம். "ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கள்" என்பதும் அவர்மேல் ஒரு வேலையை வைக்கிறது. வியாழக்கிழமை சாப்பாடு கொண்டுவருகிறேன், பரிசோதனைக்குப் போகும்போது கூடவே வருகிறேன் என்று நாளையும் செயலையும் குறித்துச் சொல்லுங்கள். போய்விட்டு வந்தபின், ஒரு மாதம் கழித்து, மற்றவர்கள் மறந்திருக்கும் நேரத்தில் மீண்டும் ஒருமுறை போங்கள்.